கொங்சி எப்போது இருட்டானது?

வில்ஃபிரட் பிளைத் எழுதிய ‘மலாயாவில் சீன இரகசியச் சங்கங்களின் தாக்கம்’ 1969ல் ஆக்ஸ்ஃபோர்ட் வெளியீடாக வந்தது. ஐந்நூறு பக்கங்களைத் தாண்டும் தடித்த ஆங்கிலப் புத்தகம். இந்த மண்ணின் சீன இரகசியச் சங்கங்களைப் பற்றி யார் பேசத் தொடங்கினாலும் சுற்றிச் சுற்றி இதில்தான் வந்து நிற்பார்கள். பல்கலைக்கழக ஆய்வாளர் தொடங்கி யூடியூபில் ‘கேங் வரலாறு’ போடுகிற தம்பி வரைக்கும் இதே கதைதான். அந்தத் தம்பி பிளைத்தைக் கேள்விப்பட்டிருக்கவே மாட்டார். ஆனால் அவர் சொல்வது எங்கெங்கோ கைமாறி வந்த பிளைத்தைத்தான்.

பிளைத் மலாயா சிவில் சர்வீஸ்காரர். சீனர் விவகாரங்களைப் பார்த்தவர், 1950களின் தொடக்கத்தில் சிங்கப்பூரின் காலனியச் செயலாளராக இருந்தவர். அவருக்கு முன்னால் இதே விஷயத்தை எழுதிய வின் ஒரு போலீஸ் அதிகாரி. அவருடைய ‘டிரையட் அண்ட் தாபுத்’ 1941ல் சிங்கப்பூர் அரசாங்க அச்சகத்தில் அச்சானது. பொதுப் பார்வைக்கு வராமல் கிடந்து, 1957ல் பிளைத்தின் முன்னுரையோடு வெளியே வந்தது. அதற்கு முன் 1925ல் தொடங்கி மூன்று தொகுதிகளாக வந்த ‘ஹுங் சொசைட்டி’யை எழுதிய இருவரில் ஸ்டிர்லிங், சீனர் பாதுகாப்பு அலுவலக அதிகாரி. எல்லாருக்கும் முந்தியவர் ஸ்க்லீகல். 1866ல் பத்தாவியாவில் நூலை வெளியிட்ட அவர் டச்சு அரசாங்கத்தின் சீனமொழிப் பெயர்ப்பாளர். சுமத்ராவின் பாடாங்கில் ஒரு சீனர் வீட்டில் போலீஸ் கைப்பற்றிய தாள்கள்தான் அவருக்குக் கிடைத்த முதல் மூலப்பொருளில் ஒரு பகுதி.

வரிசையைப் பாருங்கள்: மொழிபெயர்ப்பாளர், பாதுகாப்பு அலுவலர், போலீஸ்காரர், செயலாளர். அந்தச் சங்கங்களைப் பற்றி நமக்குத் தெரிந்ததில் பெரும்பகுதி, அவற்றைக் கண்காணிக்கவும் கலைக்கவும் சம்பளம் வாங்கியவர்கள் எழுதியது. அதற்காக இந்தப் புத்தகங்களைத் தூக்கி வீசச் சொல்லவில்லை. பிளைத் உழைப்பாளி, பொய் எழுதுகிறவர் இல்லை. ஆனால் அலுவலகக் கோப்புக்கென்று ஒரு நடை இருக்கிறது. அந்த நடைக்குச் சில விஷயங்கள் துல்லியமாகத் தெரியும், சில விஷயங்கள் கண்முன்னே கிடந்தாலும் தெரியாது. இலக்கியம் படிக்கிறவர்கள் இந்தப் புத்தகங்களிடம் கேட்க வேண்டியது அதைத்தான்.

துல்லியமாகத் தெரிவது சடங்கு. வாள்களைக் குறுக்காக நீட்டிப் பிடித்த வளைவின் கீழே குனிந்து போவது, சேவலின் கழுத்தை அறுப்பது, விரலில் ஊசி குத்தி இரத்தம் எடுப்பது, முப்பத்தாறு சத்தியங்கள், தேநீர்க் கிண்ணத்தை எந்தப் பக்கம் நகர்த்தினால் என்ன சமிக்ஞை என்பது. இதையெல்லாம் பக்கம் பக்கமாக எழுதினார்கள். ஸ்க்லீகலும் வார்டும் ஸ்டிர்லிங்கும் ஐரோப்பாவின் ஃப்ரீமேசன் சபையோடு ஒப்பிட்டு மகிழ்ந்தார்கள். ஸ்டிர்லிங்கோடு சேர்ந்து எழுதிய வார்டு அந்தச் சபை உறுப்பினர்தான். தன் கிளப்பின் சீனப் பங்காளியைக் கண்டுபிடித்த சந்தோஷம் அவருக்கு.

தோற்றக் கதையிலும் இதே மயக்கம். ஷாவொலின் மடம் எரிக்கப்பட்டது, ஐந்து துறவிகள் தப்பித்தார்கள், சிங் அரசைக் கவிழ்த்து மிங் அரசை மீட்போம் என்று சபதம் எடுத்தார்கள் என்பது சங்கத்தார் தங்களுக்குள் சொல்லிக்கொண்ட புராணம். டயன் மரேயும் சின் பாவோச்சியும் 1994ல் வெளியிட்ட ஆய்வு சிங் அரசின் ஆவணங்களுக்குள் போய் வேறொரு சித்திரத்தைக் கொடுத்தது. 1760களின் தொடக்கத்தில், ஃபூஜியான் மாகாணத்தின் சாங்பூ வட்டாரத்தில், தியான்திஹுய் என்கிற ‘வானம் பூமி சங்கம்’ ஆரம்பமாகிறது. ஊர்விட்டு ஊர் போய்ப் பிழைக்கிறவர்கள் வழியில் அடிபடாமல் இருக்க, செத்தால் எடுத்துப் போட ஆள் இருக்க, ஒருவரையொருவர் அண்ணன் தம்பி என்று அழைத்துக்கொண்ட கூட்டு. கொள்ளையும் அதே கூட்டில் நடந்திருக்கிறது, மறுப்பதற்கில்லை. அரசியல் வேஷம் பெரிதாகக் கட்டப்பட்டது பிற்பாடு. சுன் யாட் சென் காலத்துப் புரட்சியாளர்களுக்கு அந்த வேஷம் ரொம்பவே உதவியது. அவரே 1904ல் ஹவாயில் ஹுங் சங்கத்தில் சேர்ந்தவர்.

இனி கோப்புக்குத் தெரியாததைப் பார்ப்போம். முதலில் அந்த ‘இரகசியம்’ என்கிற சொல்.

மலாய் மொழியில் இந்தக் கும்பல்களுக்கு கொங்சி கெலாப் என்று பெயர். கெலாப் என்றால் இருட்டு. கொங்சி என்றால்? கூட்டு, பங்கு. நம் பேச்சிலும் ‘கொங்சி போட்டு வாங்கலாம்’ என்கிறோம், கட்டுமானத் தொழிலாளிகள் தங்கும் கொட்டகையைக் கொங்சி வீடு என்கிறோம். மேற்கு போர்னியோவின் தங்கச் சுரங்கங்களில் லான்ஃபாங் கொங்சி 1777 முதல் நூறு வருடத்துக்கு மேல் தன்னைத்தானே ஆண்டுகொண்டது. சிங்கப்பூரிலும் ஜோகூரிலும் காம்பிர், மிளகுத் தோட்டங்களைக் காடழித்துப் போட்டதும் இம்மாதிரிக் கூட்டுகள்தான். சங்கங்களுக்குத் தெருவில் கூடம் இருந்தது, வாசலில் பெயர்ப்பலகை இருந்தது. 1869ல் நீரிணைக் குடியேற்றங்களில் வந்த சட்டம் அவற்றைப் பதிவு செய்யச் சொன்னது. 1877ல் சீனர் பாதுகாப்பு அலுவலகம் திறந்தபோது அதன் முதல் அதிகாரி பிக்கரிங் சங்கத் தலைவர்களைக் கூப்பிட்டு உட்கார வைத்துத் தகராறுகளைத் தீர்த்தார். அவருக்குச் சீனம் பேசத் தெரியும், உறுப்பினர் சேர்க்கும் சடங்கை நேரில் போய்ப் பார்த்து 1878ல் கட்டுரையும் எழுதினார். இவற்றை உடனே ஒழித்தால் இருட்டுக்குள் போய்விடும் என்றுதான் ஆரம்பத்தில் சொன்னார். 1887ல் ஒரு தியோச்சியூ தச்சர் அவர் அலுவலகத்திலேயே கோடரியை வீசி அவர் நெற்றியைக் காயப்படுத்தினார். 1889ல் ஆளுநர் கிளெமெண்டி ஸ்மித் காலத்தில் சங்கங்கள் சட்டம் நிறைவேறி மறு வருடம் அமலுக்கு வந்தது. அதற்குப் பிறகுதான் கொங்சி முழுக்க இருட்டானது. விளக்கை அணைத்தவர்களே பிறகு, பார், எவ்வளவு இருட்டு என்று புத்தகம் எழுதினார்கள் என்று சொன்னால் பிளைத்துக்குக் கோபம் வரும். ஆனால் அவர் அடுக்கித் தருகிற தகவலே அதைத்தான் சொல்கிறது: பெரிய சங்கங்கள் கலைந்ததும் தெருவுக்கு ஒன்றாகச் சின்னக் கும்பல்கள் முளைத்தன.

ஜோகூரில் கதை வேறு. அங்கே ஆட்சியாளரே ங்கீ ஹெங் கொங்சியை ஏற்றுக்கொண்டு, அதன் தலைவர்களைக் கொண்டே தோட்டக் குடியேற்றங்களை நடத்தினார். ஜோகூர் பாருவில் இன்றைக்கும் ஜாலான் ங்கீ ஹெங் இருக்கிறது. நீரிணைக்கு இந்தப் பக்கம் தெருப்பெயர், அந்தப் பக்கம் குற்றப் பத்திரிகை.

இரண்டாவது, பணம். இங்கேதான் பிளைத்தைக் கீழே வைத்துவிட்டு கார்ல் டிராக்கியின் ‘அபினும் பேரரசும்’ நூலை எடுக்க வேண்டும். 1990ல் வந்தது. டிராக்கி சடங்குகளைச் சீக்கிரமே தாண்டிப் போய் ஒரு கேள்வியைப் பிடித்துக்கொள்கிறார்: வரியில்லாத் துறைமுகம் என்று பெருமையடித்த சிங்கப்பூர் அரசாங்கம் எதை வைத்துச் சம்பளம் கொடுத்தது? அபின் குத்தகையை வைத்து. பத்தொன்பதாம் நூற்றாண்டின் பெரும்பகுதியில் அரசு வருமானத்தில் ஏறக்குறைய பாதி அதிலிருந்து வந்தது. வங்காளத்தில் விளைந்த அபினைக் காய்ச்சிச் சண்டுவாக்கி விற்கும் உரிமையை அரசு ஏலம் விட்டது. ஏலம் எடுத்தவர் சீன முதலாளி. வாங்கிப் புகைத்தவர் சுரங்கத்திலும் தோட்டத்திலும் முதுகொடிந்த சீனக் கூலி. நடுவில், கள்ளச் சண்டு உள்ளே வராமல் காவல் காக்கவும் கூலி கடனைக் கட்டாமல் ஓடாமல் பார்த்துக்கொள்ளவும் ஆள்பலம் தேவைப்பட்டது. அந்த ஆள்பலம் சங்கத்திலிருந்து வந்தது. ஆக, ஏழைகளின் கூட்டாகத் தொடங்கியது முதலாளியின் அடியாள் படையாக மாறியதற்கு அரசின் ஏலமேடை ஒரு முக்கியக் காரணம். 1910ல் அரசே குத்தகையை எடுத்துக்கொண்டு சொந்தமாகச் சண்டு விற்க ஆரம்பித்தது. (நமக்குக் கள்ளுக்கடை. தோட்டத்து ஆள் சாயங்காலம் கள்ளுக்கடையில் விட்ட காசு எந்தெந்தக் கணக்கில் ஏறியது என்று யாராவது இதே மாதிரி உட்கார்ந்து எழுத வேண்டும்.)

டிராக்கியிடமும் ஒரு குறை உண்டு. அவர் புத்தகத்தில் பணம் நடமாடுகிற அளவுக்கு மனிதர்கள் நடமாடுவதில்லை. சின்கே என்று அழைக்கப்பட்ட புதுக்கூலி, கப்பல் கட்டணத்தைக் கடனாகத் தலையில் சுமந்து இறங்குகிறவன், ஒரு கணக்கு வரியாகவே நின்றுவிடுகிறான். இதைப் படிக்கிறபோது பிளைத்தின் சண்டைக் காட்சிகள் கொஞ்சம் தேவலாம் என்றுகூடத் தோன்றும். அங்கே குறைந்தபட்சம் யாராவது அடிபடுகிறார்கள்.

அடிபடுகிறவர்களைத் தேடித்தான் லாரூட்டுக்குப் போக வேண்டும். 1861க்கும் 1874க்கும் இடையில் பேராக்கின் லாரூட் ஈய வயல்களில் ஹை சானும் கீ ஹின்னும் நான்கு முறை மோதின. கிளியான் பாவ் ஹை சான் வசம், கிளியான் பாரு கீ ஹின் வசம். முன்னதுதான் இன்றைய தைப்பிங், பின்னது கமுந்திங். முதல் சண்டை சுரங்கத்துக்குப் போகும் தண்ணீர் வாய்க்காலில் தொடங்கியது. மலாய்ப் பிரபுவான ங்ஙா இப்ராஹிம், ஈயத்தின் வரி எந்தப் பக்கம் வருமோ அந்தப் பக்கம் நின்றார். பினாங்கு வணிகர்கள் இரண்டு பக்கமும் காசு போட்டார்கள். முடிவில் 1874 ஜனவரி 20 அன்று பாங்கோர் ஒப்பந்தம், பேராக்கில் பிரிட்டிஷ் ரெசிடெண்ட். ஹை சான் தலைவர் சுங் கெங் குவி, கீ ஹின் தலைவர் சின் ஆ யாம் இருவரும் தண்டிக்கப்படவில்லை. ஆயுதங்களை ஒப்படைத்து, உத்தரவாதம் எழுதிக் கொடுத்து, சில வருடங்களில் பேராக் அரசவையில் பக்கத்துப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தார்கள். நேற்றுவரை தைக்கோ, இன்று கப்பித்தான். பள்ளிப் புத்தகத்தில் கப்பித்தான் மட்டும்தான் வருவார்.

இந்தப் போர்களைப் பற்றி எழுதுகிற பலரும் 1872 சண்டைக்கு ஒரு காரணம் சொல்வார்கள். கீ ஹின் தலைவர் ஒருவருக்கும் ஹை சான் தரப்புக் குடும்பத்துப் பெண்ணுக்கும் தொடர்பு. இருவரையும் பிடித்து, பன்றிகளை ஏற்றிப் போகும் மூங்கில் கூடையில் அடைத்து, கைவிட்ட சுரங்கக் குட்டையில் மூழ்கடித்தார்கள் என்று கதை. ஆணின் பெயர் லீ ஆ குன் என்று எழுதியிருக்கும். பெண்? ‘இன்னாரின் உறவினருடைய மனைவி’ என்ற அளவோடு முடிந்துவிடும். பிறகு எல்லாரும் உடனே விவாதத்துக்குப் போய்விடுவார்கள்: இந்தப் போருக்கு உண்மைக் காரணம் கள்ள உறவா, ஈயமா, தண்ணீரா? காரணம் ஈயம்தான் என்று நிறுவினால் அந்தப் பெண் தேவைப்படமாட்டாள், கள்ள உறவுதான் என்று நிறுவினால் காரணமாக மட்டும் தேவைப்படுவாள். ஆயிரக்கணக்கான ஆண்கள் கூலியாக வந்த ஊரில் விரல்விட்டு எண்ணக்கூடிய பெண்கள். அவள் எப்படி வந்தாள், யார் கூட்டி வந்தது, என்ன விலைக்கு? இந்தக் கேள்வி நான் படித்த எந்த நூலிலும் இரண்டு வரிக்கு மேல் நீளவில்லை. ஒரு நாவலாசிரியருக்கு இதைவிட என்ன வேண்டும் என்று எனக்குப் புரியவில்லை.

‘சரி, இது சீனர் கதை, நமக்கென்ன?’ என்று கேட்கலாம். வின்னின் நூலுக்குத் துணைத்தலைப்பிலேயே பதில் இருக்கிறது. அது சீனச் சங்கங்களோடு ‘முகமதியச்’ சங்கங்களையும் சேர்த்தே எடுத்துக்கொள்கிறது. பினாங்கில் வெள்ளைக் கொடி, சிவப்புக் கொடி என்று இரண்டு சங்கங்கள் இருந்தன. மலாய்க்காரர்கள், ஜாவி பெரானாக்கான், சூலியா என்று அழைக்கப்பட்ட தமிழ் முஸ்லிம்கள் எல்லாரும் அவற்றில் இருந்தார்கள். முஹர்ரம் ஊர்வலத்துக்குத் தெருவாரியாகக் குழு கட்டியதிலிருந்து வளர்ந்தவை இவை. 1867 ஆகஸ்டில் ஜார்ஜ் டவுனில் பத்து நாள் கலவரம். கீ ஹின்னோடு வெள்ளைக் கொடி, தோ பே கொங்கோடு சிவப்புக் கொடி. அதாவது ஒரு தமிழ் முஸ்லிம், தன் பக்கத்துத் தெருத் தமிழ் முஸ்லிமுக்கு எதிராக, ஒரு ஹொக்கியன்காரரோடு தோள் சேர்ந்து நின்றிருக்கிறார். இனவாரியாகப் பிரித்துப் பிரித்தே வரலாறு படித்த நம் தலைமுறைக்கு இது சட்டென்று செரிக்காது. தோ பே கொங் தலைவர் கூ தியான் தெக்குக்கு மரண தண்டனை விதித்தார்கள், பிறகு குறைத்தார்கள். வெளியே வந்து பெரிய வணிகராக வாழ்ந்தார். லெபோ கேனன் என்கிற பீரங்கித் தெருவுக்கு அந்தக் கலவரக் குண்டுகளால்தான் பெயர் வந்தது என்பார்கள்.

லிட்டில் இந்தியாவிலிருந்து நடந்து போகிற தூரத்தில் சர்ச் தெரு. அங்கே பச்சைச் சுவரோடு நிற்கிற பெரானாக்கான் மாளிகையில் நம் ஜோடிகளும் கல்யாணப் படம் எடுத்துக்கொள்கிறார்கள். அது சுங் கெங் குவி கட்டியது. கட்டிய இடம் கீ ஹின்னின் தலைமையகமாக இருந்த இடம். சங்கம் தடை செய்யப்பட்டதும் எதிரியின் வீட்டையே வாங்கிவிட்டார் மனிதர். நானூறு பக்கக் கோப்பு சொல்லாததை அந்த ஒரு பத்திரம் சொல்லிவிடும்.

இந்த எல்லாப் புத்தகங்களையும்விட எனக்குப் பிடித்தது மிகப் பழைய ஒன்று. மலாக்காவில் பிறந்த முன்ஷி அப்துல்லா. யேமனிலிருந்து நாகூருக்கு வந்த கொள்ளுத்தாத்தாவின் வழியில் வந்தவர், சின்ன வயதில் தமிழ் படித்தவர், தமிழ் படித்த கதையைத் தன் வரலாற்றிலேயே எழுதியவர். 1849ல் அச்சான ‘ஹிகாயத் அப்துல்லா’வில், சிங்கப்பூர் உள்காட்டில் இருந்த தியான் தை ஹுவே இடத்துக்கு ஒரு சீன நண்பரின் துணையோடு போய், சடங்கை ஒளிந்திருந்து பார்த்ததை எழுதுகிறார். இந்தப் பகுதி 1852லேயே ஆங்கிலத்துக்குப் போய்விட்டது. பின்னால் வந்த அதிகாரிகள் அதிலிருந்து சடங்கு விவரத்தை மட்டும் உருவி எடுத்துக்கொண்டார்கள். அவர்கள் விட்டுவிட்டது அப்துல்லாவின் பயத்தை. அவருக்குக் கை நடுங்குகிறது, இங்கே ஏன் வந்தோம் என்று இருக்கிறது, ஆனால் கண்ணை எடுக்க முடியவில்லை. பிரிட்டிஷாரை வாயாரப் புகழ்கிறவர், சீனர்கள்மேல் அவருக்கு இளக்காரமும் உண்டு. இருந்தாலும் பார்ப்பவன் ஒருவன் அந்த இடத்தில் இருந்தான் என்கிற உணர்வு அந்தப் பக்கங்களில் இருக்கிறது. பிளைத்தின் ஐந்நூறு பக்கங்களில் பார்ப்பவர் யாருமே இல்லை, ‘தெரிய வருகிறது’ மட்டும்தான்.

இப்போது 2013க்கு வருவோம். அந்த ஆகஸ்டில் மலேசிய உள்துறை அமைச்சு 49 கும்பல்களைச் சட்டவிரோதமானவை என்று பட்டியலிட்டது. உறுப்பினர்கள் நாற்பதாயிரத்துக்கும் மேல் என்றார்கள். அதில் பாதிக்கும் வெகு அதிகம் இந்தியர்கள். 04, 08, 36 என்று பட்டியல் முழுக்க எண்கள். சீனச் சங்கங்களிடமிருந்து கைமாறி வந்த எண் மரபு இது. ஹுங் சங்கத்தின் சத்தியங்களும் முப்பத்தாறு. ‘கேங் 36’ என்று பச்சை குத்திக்கொண்ட நம்ம பையனுக்கு அந்த முப்பத்தாறு எங்கிருந்து வந்திருக்கலாம் என்று தெரியாது. தெரிந்தாலும் சந்தோஷம்தான் படுவான். எண் வந்தது, ‘தைக்கோ’ என்கிற சொல் வந்தது, சாவு வீட்டில் படை திரட்டிக் காட்டுகிற வழக்கம் வந்தது. செத்தவனின் குடும்பத்துக்குச் செலவு பார்க்கிற பழைய கொங்சியின் கடமை எவ்வளவு வந்தது என்பதுதான் தெரியவில்லை. அமைச்சின் பட்டியலும் பிளைத் நடைதான்: எண், இனம், தலைக்கணக்கு. தோட்டங்கள் துண்டாடப்பட்டு, சனங்கள் மலிவு விலை அடுக்குமாடிகளுக்குப் பெயர்க்கப்பட்ட வருடங்களுக்கு அந்தப் பட்டியலில் ஒரு பத்தியும் இல்லை.

என் சண்டை அமைச்சோடு இல்லை, அவர்கள் வேலை அது. நம் சிறுகதைகளோடுதான். கேங் பற்றி நம்மவர்கள் எழுதியதை எடுத்துப் பாருங்கள். பையன் பள்ளியில் அடிவாங்குகிறான், ஓர் அண்ணன் காப்பாற்றுகிறான், சத்தியம், பச்சை, பாராங்கத்தி, கடைசியில் அம்மா மருத்துவமனை வாசலில் அழுகிறாள். சடங்கு இருக்கிறது, இரத்தம் இருக்கிறது, அழுகை இருக்கிறது. காசு இல்லை. கார் நிறுத்துமிடத்தில் வாங்குகிற ஐந்து வெள்ளி யார் யார் கைக்குப் போகிறது? தூள் விற்கிற பையனுக்குச் சரக்கைக் கடனாகக் கொடுத்தவர் எந்த வீட்டில் குடியிருக்கிறார், கோயில் திருவிழாவில் எந்த நாற்காலியில் உட்காருகிறார்? கடன் கட்டாமல் ஓடியவனைத் தேடிப் போகிறவனுக்கு அன்றைக்கு என்ன கூலி? அந்தப் பையனோடு இருந்த பெண்ணின் பெயர் என்ன?

அப்துல்லா காட்டுக்குள் நடந்து போய்ப் பார்த்துவிட்டு வந்து எழுதினார். நம்மில் பலர் அதே அடுக்குமாடியின் நான்காவது மாடியில் வளர்ந்தவர்கள், நடக்கக்கூட வேண்டியதில்லை. ஆனாலும் நம் கதைகளில் மின்தூக்கியின் கதவு திறக்கும்போது உள்ளே இருப்பவன் ஏனோ எப்போதும் தமிழ்ப் படத்திலிருந்து வந்தவனாகவே இருக்கிறான்.